வளைகாப்புக்குத் தங்கிய இரண்டு நாள்

“...வளைகாப்புன்னு கூட ரெண்டு நாள் தங்கினீங்க பாருங்க, அங்கதான் சார் மாட்டிக்கிட்டீங்க” என்றார் ஆடிட்டர், என் பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணி முடித்துவிட்டு.

ஏப்ரலிலிருந்து மார்ச் வரையிலான வரி வருடத்தில் நூற்றெண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி. நான் இருந்தது நூற்றெண்பத்து மூன்று. ஆக, மைத்துனியின் வளைகாப்புக்கு அதிகமாக மொய் வைத்தவன் நான்தான்.

“இந்த வருசமும் இப்பவே நூத்தி எழுபத்தஞ்சு ஆயிடுச்சு. இனிமே விசேஷம் கிசேஷமெல்லாம் நக்கோ சார், பேசாம பிளேன் ஏறுங்க” என்றார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர்; ‘வேண்டாம்’ என்பது அவர் வாயில் ‘நக்கோ’தான்.

நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு எழுந்தேன். அவரும் எழுந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்து, “மார்ச்சுல நம்ம பொண்ணுக்குக் கல்யாணம். பத்து நாள் முன்னாடியே குடும்பத்தோட வந்துடணும்” என்று என் கையில் வைத்தார்.