எண்ணெய்க் குளியல் படம்

மச்சானின் கை கைலி முடிச்சிலேயே நின்றுவிட்டது. மலேசியாவில், குளுவாங் ஊரில் என் ஸ்டூடியோவின் மாடி அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தரையில் ஒரு மரப்பலகை போட்டு, அதைச் சுற்றி அவர் மனைவி வண்ண அரிசியில் கோலம் போட்டிருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பக்கத்தில் வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் இளஞ்சூடாக இருந்தது. நான் வெளிச்சத்தைச் சரிபார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐந்து நிமிடமாவது போயிருக்கும். "உன் முன்னால எத்தன வேட்டி மாத்திருக்கேன் மாப்ள. இப்ப ஏன் இந்த முடிச்சு அவிழ மாட்டேங்குதுன்னு தெரியல லா" என்றார் மச்சான்.

அவர் சொன்னது உண்மைதான். ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடைக்குத் தீபாவளி விளம்பரப் படம் எடுக்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கெலாங் பாத்தாவில் வீடு. இரண்டாம் பாலத்தைக் கடந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பார். தோளும் நெஞ்சும் அளந்து செதுக்கினாற்போல் இருக்கும். வெற்று மார்பில் அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு அவர் நின்றால் நான் இரண்டே 'கிளிக்'கில் வேலையை முடித்துவிடுவேன். வருடாவருடம் தீபாவளிச் சந்தையில் தொங்கும் பதாகையில் அவர்தான் இருப்பார். முறுக்கு வாங்க வரும் பெண்கள் பதாகையை நிமிர்ந்து பார்ப்பார்கள். கீழே கூட்டத்தோடு நடந்துகொண்டிருக்கும் அவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அந்தப் பழக்கத்தில்தான் அவர் தங்கையை நான் மணந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் எனக்கு மச்சான் ஆனார்.

நாற்பத்தாறு வயதில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சையில் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை வைத்தார்கள். மலம் அந்தத் துளை வழியாக வந்து, தோலில் ஒட்டியிருக்கும் ஒரு பையில் சேரும். இனி ஆயுளுக்கும் அப்படித்தான். மார்புக்குழியிலிருந்து அடிவயிறுவரை ஒரு நீளத் தழும்பும் மிஞ்சியது. பதினெட்டு கிலோ இளைத்துப்போனார். அந்த வருடம் துணிக்கடை வேறொரு இளைஞனைப் பதாகையில் போட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, படம் எடுத்தவனும் நான்தான். அதை மச்சானிடம் சொல்லாமல் மறைத்தேன். அவரே சந்தையில் பார்த்துவிட்டு, "பையன் நல்லாத்தான் இருக்கான். ஆனா வயித்த எக்கிப் பிடிக்கிறான், சொல்லிக் குடு" என்றார்.

ஒருநாள் மதியம் முன்கூட்டிச் சொல்லாமல் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸ் மிஸ்ஸி ஒரு கேள்வி கேட்டாராம். "கண்ணாடியில உங்கள முழுசாப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். வெளியே வரிசையில் இவரைப்போலவே பை கட்டிய இன்னும் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர்கூட நிமிர்ந்து மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தீபாவளிக்கு ஒரு படம் எடு மாப்ள. எண்ணெய் தேச்சுக் குளிக்கிற மாதிரி. உடுப்பு இல்லாம."

"ஒரு துண்டாவது கட்டிக்குங்க மச்சான்."

"எண்ணெய்க் குளியலுக்கு எதுக்குத் துண்டு? தொடைய மடக்கி உட்கார்ந்தா மறைய வேண்டியது மறைஞ்சிடும். கேவலமா எடுக்கச் சொல்லல. நான் இப்ப எப்படி இருக்கேனோ அப்படி எடு. நானும் பார்க்கணும், அந்த மூணு பேரும் பார்க்கணும்."

முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. அவர் பலகையில் பக்கவாட்டில் அமர்ந்து ஒரு முழங்காலை உயர்த்திக்கொண்டார். அக்கா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி அவர் உச்சந்தலையில் வைத்தார். ஒளிவிளக்கு போட்டால் எண்ணெய் பட்ட தோல் வெள்ளையாகப் பளிச்சிடும். அதனால் ஜன்னல் வெளிச்சத்தையே நம்பினேன். எண்ணெய் நெற்றியிலிருந்து கழுத்துக்கும், அங்கிருந்து எலும்பு தெரியும் மார்புக்கும் இறங்கியது. நான் என் புத்தியைக் காட்டினேன். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள், கையைக் கீழே கொண்டுவாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கி அவர் வயிற்றுக்கு நேராக வைத்தேன்.

"பைய மறைக்கிறியா?" என்று கேட்டார்.

அவரே எட்டி விளக்கைத் தள்ளி வைத்தார்.

கொஞ்ச நேரம் அறையில் கேமராவின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அந்த அமைதியில் திடீரென்று அவர் வயிற்றுத் துளையிலிருந்து காற்று பிரிந்தது. நீளமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அதை அடக்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மச்சான் அப்படியே உறைந்துபோனார். காதுமடல்கூடச் சிவந்துவிட்டது. அக்காதான் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து, "அலமாக்! தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, அதுக்குள்ள வெடி வெடிச்சாச்சு" என்றார். மச்சான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பல் எல்லாம் தெரிய, கண்ணில் நீர் வழிய. பை, தழும்பு, எண்ணெய், ஓரத்தில் அக்காவின் கை எல்லாமே அந்த ஒரு படத்தில் விழுந்தன. என் தொழிலில் நான் எடுத்த நல்ல படம் அது. அன்றே எனக்கு அது தெரியும்.

தீபாவளியன்று காலை அவரே அதை ஃபேஸ்புக்கில் போட்டார். "எண்ணெய் தேச்சாச்சு. எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதியிருந்தார். படத்தின் ஓரத்தில் வழக்கம்போல என் ஸ்டூடியோவின் பெயர் இருந்தது. முதலில் வந்தவை வாழ்த்துகள்தாம். அதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலர் நீளமாக எழுதியிருந்தார்கள். மதியத்துக்குள் படம் வாட்சப் குழுக்களுக்குப் போய்விட்டது. நல்ல நாளில் அம்மணப் படமா என்றார்கள், நோயை வைத்து விளம்பரம் தேடுகிறார் என்றார்கள், இன்னும் எழுதக் கூசுகிற வார்த்தைகளும் வந்தன. தை மாதத்தில் திருமணம் வைத்திருந்த ஒரு பெண்ணின் அப்பா என்னை அழைத்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்தார். மறுநாள் காலை இன்னொருவரும் அதையே சொன்னார். என் மனைவி சமையலறையில் நின்று அழுதாள். "அண்ணன்கிட்ட நீங்களே பேசுங்க. என்னால முடியாது" என்றாள்.

அழைத்தேன். என்னென்னவோ சுற்றி வளைத்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது, சனங்களுக்குத்தான் புரியவில்லை, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றேன்.

"படத்தத் தூக்கிடவா?" என்று அவரே கேட்டார்.

"அதுல என் கடை பேரு இருக்குல்ல மச்சான், அதான்."

"சரி மாப்ள. பசியாறிட்டியா?"

பசியாறிவிட்டேன் என்றேன். அரை மணி நேரத்தில் படம் இல்லை. ஸ்டூடியோவின் பெயர் இல்லாத பிரதி ஒன்று என் கணினியில் இருந்தது. அதை அனுப்பி, இதைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த யோசனை அப்போதே வந்தது. நான் அனுப்பவில்லை. படமே இல்லாமல் போனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதும் அந்த நிம்மதி எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. தைப்பூசம் முடிந்த சில நாளில் நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. சித்திரை பிறந்து இரண்டாம் வாரம், கெலாங் பாத்தா வீட்டிலேயே மச்சான் இறந்தார்.

இந்த வருடம், மழைக்காலம் ஓய்ந்த சமயம், மெர்சிங்கிலிருந்து ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தீவுக்குப் போகும் படகுகளில் வேலை செய்கிறவர். கைப்பேசியைத் திறந்து எனக்குக் காட்டினார். மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். படம் இருந்த அந்த ஒரே நாளில் இவர் அதைச் சேமித்து வைத்திருக்கிறார்.

"பை கட்டிக்கிட்டு உயிரோட இருக்கிறதுக்கு, இல்லாமலே போயிடலாம்னு இருந்தேன் சார். ஆப்பரேஷனுக்கு ரெண்டு தடவ வரச் சொல்லியும் போகல. இவரப் பார்த்த மறுநாள்தான் போயி கையெழுத்துப் போட்டேன். ஓரத்துல உங்க கடை பேரு இருந்துச்சு. அதப் புடிச்சுத்தான் வந்தேன். இவர ஒரு தடவ பார்க்கணும்."

இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "மறுபடி தேடுனப்ப படம் இல்ல. எங்க ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கு என் போன்ல காட்டுனேன். அவங்க வீட்லயும் பார்க்கட்டும்னு உங்க கடை பேரு எழுதிக் குடுத்தேன், அவங்களுக்குக் கிடைக்கல. யாராச்சும் ஏசிட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

"நான்தான் படத்தத் தூக்கச் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கோபப்படவில்லை. நான் வரவழைத்திருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அந்த வாரமே கெலாங் பாத்தாவுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். மெர்சிங்காரர் வந்ததை முதலிலும், நான் மச்சானை அழைத்துப் பேசியதைப் பிறகும் சொன்னேன். அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியும் தம்பி. நீங்க பேசறப்ப பக்கத்துலதான் இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்கக் கூடாதுன்னுட்டாரு. அவன் பயந்துட்டான், விடுன்னாரு." ஒரு போர்வையை நான்காக மடித்து வைத்துவிட்டு மறுபடியும் பேசினார். "படம் எடுத்துட்டு வந்தோம்ல, அந்த மூணு வாரம் அவரு வீட்ல சட்டையே போடல. துணி காயப்போட வெளிய வருவாரு, அப்பக்கூடப் போட மாட்டாரு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒடம்பு எப்படின்னு கேட்டாங்க. இவரு பையத் தட்டிக் காட்டிச் சிரிச்சாரு. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நீங்க போன் வச்சதும் உள்ள போயி ஒரு சட்டைய எடுத்து மாட்டுனாரு. அதோட சரி. எங்கிட்டகூடக் காட்டல. பை மாத்தறதுக்கும் கதவச் சாத்திக்குவாரு."

மச்சான் இறந்த அன்று, குளிப்பாட்டுவதற்காக அவரைக் கிடத்தியபோது அவருடைய சட்டையைக் கழற்றியவன் நான். கழுத்துப் பொத்தான்வரை எல்லாவற்றையும் போட்டிருந்தார். அன்று அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தேன்.