சுவரோடு பெயர்ந்து வந்த வரி

அந்தச் சீனக் கலைஞருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஏணியின் மேல் நிற்கும்போதுதான் வந்தது. துபாயில் ஒரு கலைக்கூடத்தின் நுழைவுச் சுவரில், அவரைப் பற்றிய அறிமுகத்தை எழுத்து ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டிருந்தேன். 'குடியிருப்புகளை இடித்ததை எதிர்த்ததற்காக அவரது நாட்டு அரசு அவரைச் சிறையில் அடைத்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை உள்ளங்கையால் தேய்த்து ஒட்டும்போது, இதை நம் ஆட்களுக்கு நம் மொழியில் சொன்னால் என்ன என்று தோன்றியது.

சென்னையில் விஸ்காம் படித்த காலத்திலேயே எனக்கு அவர்மேல் பைத்தியம். சீனாவில் நாடகத் திரை வரைந்து பிழைத்தவர். அவர் வளர்ந்த தெருவை மொத்தமாக இடித்தபோது, வீட்டுக் கதவுகளைப் பூட்டோடு பெயர்த்துக்கொண்டுவந்து ஒரு கூடத்தில் நிற்கவைத்தார். சுவர் இல்லை, வீடு இல்லை, கதவுகள் மட்டும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பின்பக்கம் போய்விடலாம். ஆனால் ஒன்றைக்கூடத் திறக்க முடியாது. அதற்காகத்தான் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்தும் வாயை மூடவில்லை. கடைசியில் நாட்டைவிட்டே கிளம்பினார்.

அவருடைய கண்காட்சி வேலை, அல் குசைஸில் நான் வேலை பார்க்கும் விளம்பரப் பலகைக் கம்பெனிக்கு வந்ததும் துள்ளிக் குதித்தேன். கூட வந்த சூப்பர்வைசர் காயல்பட்டினத்துக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

"பழைய கதவுக்கா இவ்வளவு ஏசி?" என்றார்.

"அது கதவு இல்ல பாய், எதிர்ப்பு."

"எதிர்ப்போ என்னமோ, நேரா ஒட்டு. கோணலா ஒட்டிட்டு அதையும் கலைம்பே நீ."

ஒட்டி முடித்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கலைக்கூட மேலாளர் வந்தார். வெள்ளைக்கார அம்மா. மிக மென்மையாகப் பேசுவார். அதனாலேயே எனக்குப் பிடிக்காது. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்றார். ஏன் என்றேன். மேலே இருப்பவர்கள் படித்தார்களாம். கண்காட்சியின் மனநிலைக்கு அது பொருந்தவில்லையாம். மனநிலை! சிறைக்கு அனுப்பிய கதவுகளுக்கு விளக்குப் போட்டுக் காட்டுவார்கள், சிறை மட்டும் பொருந்தாது.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் என் காலை மிதித்தார். "யெஸ் மேடம், நோ ப்ராப்ளம் மேடம்." அந்த அம்மா போனதும் என் பக்கம் திரும்பினார். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாலே? வேல கெட்டா என்னையத்தான் கூப்பிட்டு கலாஸ், ஊருக்குப் போன்னு சொல்லுவாங்க. ஒன் சீனாக்காரரா வந்து எனக்கு விசா அடிப்பாரு?"

புது பெயிண்ட் நன்றாக இறுக நாளாகும். அதுவரை அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. இந்த ஊரில் எவன் காத்திருப்பான்? எல்லாம் ஜல்தி. முதல் நாள் சாயங்காலம் அடித்த சாம்பல் பெயிண்டின்மேல் மறுநாள் காலையிலேயே ஒட்டச் சொல்லியிருந்தார்கள். நான் உரிக்க உரிக்க, ஸ்டிக்கரோடு பெயிண்டும் பிய்ந்து வந்தது. அடியில் வெள்ளைப் பட்டிப் பூச்சு. அதே எழுத்து, அதே வரி. மற்ற வரிகளெல்லாம் கறுப்பில் இருக்க, இது மட்டும் வெள்ளையாக முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சிரிக்காத. ரோலர எடு."

"இருங்க பாய். அவரு இப்ப வந்துருவாரு. பாத்துச் சொல்லட்டும்."

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரி நிற்கும். சொல்வார் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

வந்தார். தன் கதவுகளைப் பார்க்காமல் சுவருக்குத்தான் முதலில் போனார். நடந்ததைச் சொன்னேன். ஓர் எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார், சத்தமாகச் சிரித்தார், நேராகவும் பக்கவாட்டிலும் போனில் படம் எடுத்தார். பிறகு, பதறிக்கொண்டு ஓடிவந்த அந்த அம்மாவிடம், "நாளைக்குத் திறப்பு. அதற்குள் பெயிண்ட் அடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு விளக்குகளைப் பார்க்கப் போனார்.

பின்னாலேயே போனேன். "நீங்கள் சொன்னால் அப்படியே விட்டுவிடுவார்கள்" என்றேன்.

"எனக்குச் சண்டை என் அரசாங்கத்தோடுதான். இவர்களோடு இல்லை" என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பாய் ரோலரை உருட்டிக்கொண்டே கேட்டார்: "என்னலே, ஒன் தலைவரும் யெஸ் மேடம்தானா?"

அந்த அம்மாமேல் இருந்த கோபம் தூசு. இவர்மேல் வந்ததுதான் கோபம்.

அதோடு அவர் விட்டிருந்தால் மறந்திருப்பேன். சில மாதம் கழித்து, ஐரோப்பாவில் ஏதோ கண்காட்சியில் அவர் போனில் எடுத்த அந்தச் சுவர்ப் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருப்பதைப் போனில் பார்த்தேன். பக்கத்தில் அவர் பேட்டி: வளைகுடாவில் தன் வரலாற்றை எப்படிப் பூசி மறைத்தார்கள் என்று உருக்கமாகப் பேசியிருக்கிறார். பூசச் சொன்ன வாய் யாருடையது என்பது மட்டும் அதில் இல்லை. பூசிய பாயும் இல்லை. பாயிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம பெயிண்ட் வேலைய நாறடிச்சிட்டானே பாவி" என்றார்.

இங்கே பக்கத்தில் முவைலாவில் ஒரு வீட்டில் தமிழ் வாசகர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். அடுத்த கூட்டத்தில் அவரைப் பற்றி நான் பேச வேண்டும். அமைப்பாளர் போனிலேயே எச்சரித்துவிட்டார்: "கலையப் பத்தி மட்டும் பேசுங்க தம்பி. அரசியல் வேணாம், ஃபேமிலியோட வர்றாங்க." அரசியல் இல்லாமல் அவர் கதவுகளைப் பற்றி என்ன பேசுவது, தேக்கா வேம்பா என்றா?

அந்தப் பேச்சுக்காகக் கதவுகளின் பகுதியை எழுதிவிட்டேன். அவை இன்றைக்கும் என்னை உலுக்குகின்றன. அதில் பொய் சொல்ல மாட்டேன். சிறைக்குப் போனதையும் எழுதியாகிவிட்டது, அமைப்பாளர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. சுவரின் பகுதிதான் வரவில்லை. எப்படி எழுதினாலும் வெறும் வசவாக வந்து நிற்கிறது. இந்த வெள்ளிக்கிழமை மதியம் டியூட்டி முடிந்ததும் மறுபடி உட்காரப் போகிறேன். ஒரு வசவுகூட இல்லாமல், நடந்ததை நடந்தபடி, அவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.