கிரீன் ஸ்ட்ரீட் பஸ் தரிப்பில் நான் சொன்னது

நான் என் சிநேகிதியைக் காட்டிக்கொடுத்தவள். பட்டப்பகலில், நடுத்தெருவில், சுட்டுவிரலை நீட்டி, "நான் இந்து. அவள்தான் முஸ்லிம்" என்று ஆங்கிலத்தில் சொன்னவள்.

கடையில் பால் கேட்பதற்கே நாக்குத் தடுமாறுகிறவள் நான். அன்றைக்கு அந்த வசனம் மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது!

நீங்கள் இப்போதே முகத்தைச் சுளிக்கலாம். ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்... இதைவிடக் கேவலமான ஒன்றை அதற்குப் பிறகு செய்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தச் சமாதானத்தில்தான் இத்தனை காலம் சோறு தின்று தூங்கி எழும்பினேன்.

அவள் பெயர் ஜெசீமா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் நாட்டில், அப்டன் பார்க்கில் நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கவுன்சில் மாடிக்குடியிருப்பில், எங்களுக்குப் பக்கத்து வீடு. என் கணவர் பெற்றோல் நிலையத்தில் வேலை. எந்த நேரம் ஷிப்ட் என்று அவருக்கே தெரியாது. நான் நான்கு சுவருக்குள் தனியே கிடந்தேன். ஒருநாள் சுவருக்கு அப்பால் ஒருத்தி தன் மகளை அதட்டுவது கேட்டது: "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

யாழ்ப்பாணத் தமிழ்! ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். முக்காடு போட்ட ஒருத்தி திறந்தாள். எனக்கு ஒரு கணம் முகம் விழுந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், இனி எதை மறைக்க? அவள் அதைக் கவனிக்காதவள்போல, "ஊர் ஆளோ? வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள்.

அதன்பிறகு நாங்கள் இரண்டு வீட்டுக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தையல் வேலை செய்த அவள்தான் என் சட்டைகளையும் தைத்துத் தந்தாள். அவளுடைய மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் வீட்டுக்குத்தான் வருவாள். நோன்புக் காலத்தில் கஞ்சி வரும். நான் வாழைக்காய்ப் பொரியல் கொடுத்தனுப்புவேன்.

அடுத்து வந்த குளிர்காலத்துக்குச் சற்று முன்னர் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வீடுவாசலை விட்டுத் துரத்தினார்கள். துரத்தியவர்கள் துவக்குத் தூக்கிய எங்கள் தமிழ் இயக்கத்து ஆட்கள். ஜெசீமாவின் வாப்பாவும் உம்மாவும் புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் கிடந்தார்கள். அதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. என் வீட்டில் அவள் தேநீர் குடிக்கும்போது நாங்கள் விலைவாசியைப் பற்றிக் கதைத்தோம்.

பிறகு வளைகுடாவில் ஒரு முஸ்லிம் நாட்டோடு போர் தொடங்கியது, இந்த நாட்டுப் படைகளும் போயின. தொலைக்காட்சியில் முழுநாளும் விமானங்கள். தெருவில் எங்களைப் பார்க்கிற கண்களே மாறிவிட்டன. எங்கள் பெண்கள் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். "பொட்டில்லாமல் வெளியில இறங்காதேங்கோ. வைக்கிறதைப் பெரிசா வையுங்கோ" என்று ஆளுக்கு ஆள் தொலைபேசியில் சொல்லிக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் இருந்த மன்னார்க் கத்தோலிக்கப் பெண் கழுத்துச் சிலுவையை ஸ்வெட்டருக்கு வெளியே எடுத்துவிட்டாள். எங்களை முஸ்லிம்களோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது... அவ்வளவுதான் எங்கள் கவலை. அவர்களை யாரும் அடிக்கக் கூடாது என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை.

நானும் பெரிய பொட்டுத்தான் வைத்தேன். ஜெசீமா பார்த்துச் சிரித்தாள். "என்ன கலா, கலியாண வீட்டுக்கோ?" என்றாள்.

பக்கத்து மைதானத்தில் உதைபந்தாட்டம் நடந்த ஒரு சனிக்கிழமை. நாங்கள் இருவரும் மரக்கறி வாங்கிக்கொண்டு கிரீன் ஸ்ட்ரீட் பஸ் தரிப்பில் நின்றோம். ஆட்டம் முடிந்து சனம் கலைந்துவந்தது. அதில் நாலைந்து வெள்ளைக்காரப் பொடியன்கள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். இரண்டு பேர் எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள், படியில் தினமும் காண்கிற முகங்கள். போர் நடக்கிற நாட்டின் பெயரைச் சொல்லி, அங்கே போ என்றார்கள். ஒருவன் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, நீயும் அதுதானே என்று கேட்டான்.

அப்போதுதான் அந்த வசனத்தைச் சொன்னேன். நெற்றியையும் தொட்டுக் காட்டினேன். பிறகு என் விரல் அவள் பக்கம் திரும்பியது. யாரும் கேட்காமலே திரும்பியது!

அவர்கள் என்னை விட்டார்கள். அவளுடைய முக்காட்டை இழுத்தார்கள். துப்பினார்கள். மூடியிருந்த கடையின் இரும்புக் கதவில் அவளைத் தள்ளியதில் உதடு கிழிந்து முன்பல் உடைந்தது. நான் மரக்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப்பின் அவளுக்குக் கட்டடத்துக்குள்ளும் நிம்மதி இல்லை. கதவின் கடிதத் துவாரத்தால் குப்பையும் கழிவும் உள்ளே வந்தன. அவளும் புருஷனும் வேறு இடத்தில் வீடு கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தார்கள். நிறத்துவேஷத் தாக்குதல் என்று சாட்சியோடு நிரூபித்தால் வேறு வீடு கொடுப்பார்கள்.

"கண்ட ஆக்களில எனக்குத் தெரிஞ்சவள் நீ மட்டும்தான், கலா. வந்து ஒருக்காச் சொன்னால் காணும்" என்றாள் ஜெசீமா. உடைந்த பல்லைக் கையால் மறைத்துக்கொண்டுதான் கேட்டாள். "ஓம், வாறன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கவுன்சில் அலுவலகத்தில் என்னைத் தனி அறையில் இருத்தினார்கள். விசாரித்தவள் ஒரு கறுப்பினப் பெண். அந்தக் காலத்துச் சட்டத்தில் நிறத்துக்கும் இனத்துக்கும் பாதுகாப்பு உண்டு, மதத்துக்கு இல்லை. எனக்கு அது தெரியாது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அவளே அதை எனக்கு நிதானமாக விளங்கப்படுத்தினாள். பிறகு, "உன் சிநேகிதியின் நிறத்துக்காகத்தானே அடித்தார்கள்?" என்று கேட்டாள். நான் மடியிலிருந்த கைப்பையைத் திறந்து மூடினேன். "நிறமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா?" என்று மறுபடி கேட்டாள். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் சொன்னேன்: "இல்லை. எனக்கும் அதே நிறம்தான். என்னை ஒன்றும் செய்யவில்லை. அவள் முஸ்லிம் என்பதால்தான் அடித்தார்கள்."

உண்மை! ஒரு எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் நான் ஏன் அதைச் சொன்னேன்? ஓம் என்றால் நானும் அடிபடக்கூடியவள் என்று ஆகிவிடும். அவளும் நானும் ஒன்று என்று ஆகிவிடும். பொட்டு வைத்து, விரல் நீட்டி, அவ்வளவு பாடுபட்டுப் பிரித்த கோட்டை நானே அழிக்க வேண்டும்... எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பயமும் இருந்தது. ஓம் என்றால், பிறகு என்னை ஏன் விட்டார்கள் என்று அந்த அதிகாரி கிண்டிக் கிண்டிக் கேட்டால்?

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஜெசீமா எழும்பி வந்தாள். "சொல்லிட்டியோ?"

"ஓம். கண்டதெல்லாம் சொல்லிட்டன்."

அவர்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. ஜெசீமா தையல் வேலையை விட்டாள். பகலிலும் திரைச்சீலை மூடியிருந்தது. ஒருநாள் கல் விழுந்து யன்னல் கண்ணாடி உடைந்தது; அந்த அறையில் அவளுடைய மகள் பிறகு படுக்க மறுத்தாள். கடைசியில் நகரின் மறுபக்கத்தில், நோர்பரியில் ஓர் உறவினர் வீட்டு மேலறைக்கு மூவரும் போனார்கள். சாமான்களைக் கீழே இறக்க நான் கைகொடுத்தேன். அழவும் செய்தேன். என்ன பசப்பு!

சில ஆண்டுகள் கழிந்தன. மதத்துக்காக ஒருவரை ஒதுக்கினாலும் தாக்கினாலும் சட்டம் தடுக்க வேண்டும் என்று கேட்டு அங்கங்கே கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. ஜெசீமா அவற்றில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் அவளே தொலைபேசியில் பேசினாள்.

"கலா, ஒரு கூட்டத்தில கதைக்கோணும். அண்டைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லு. ஒரே நிறம், ஒரே ஊர், ஒரே பாஷை. உன்னை விட்டிட்டு என்னை அடிச்சவங்கள். அதைக் கண்டவள் சொன்னால்தான் ஆக்களுக்கு உறைக்கும். ஏலுமோ?"

அன்று அவளைக் கெடுத்த உண்மை இன்று அவளுக்கு உதவப் போகிறது! எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, கடன் தீரப்போகிறது என்று. ஓம் என்றேன்.

அது ஒரு பள்ளிக்கூட மண்டபம். பள்ளிவாசல்காரர், பாதிரிமார், தொழிற்சங்கத்தார், எங்கள் சனத்திலும் சிலர். ஜெசீமா முன்வரிசையில் இருந்தாள். என் உடைந்த ஆங்கிலத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பெரிய பொட்டுகளைச் சொன்னேன். அலுவலகத்துக் கேள்வியைச் சொன்னேன். என் பதிலால் அவளுக்கு வீடு கிடைக்காமற் போனதையும் சொன்னேன். சட்டம் அப்படி, உண்மையைச் சொன்னால் அடிபட்டவள் தோற்றுப்போகிறாள் என்றேன். பஸ் தரிப்பில் மட்டும், பொடியன்கள் என் பொட்டைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே விலகிப் போனதுபோலச் சொன்னேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பாதிரியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, துணிச்சலான பெண் என்றார்.

ஜெசீமாவும் நானும் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். அவள் தன் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றாள்.

"நீ கையைக் காட்டிச் சொன்னது எனக்குக் கேட்டது, கலா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அண்டைக்கே கேட்டது. இண்டைக்கு உன்ர வாயால வரும் எண்டுதான் உன்னைக் கூப்பிட்டனான்."

நான் அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன். "ஜெசீமா, நான்..." என்று தொடங்கினேன்.

"எனக்குச் சொல்லாதை. எனக்குத் தெரியும்தானே. அந்த ஹோலுக்குள்ள இருந்த சனத்துக்குச் சொல்லியிருக்கோணும்."

அவள் உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவள் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் என்னை வேறு கூட்டங்களுக்கும் அழைத்தார்கள். இல்லை என்று சொல்ல முடிந்ததா? போனேன். ஒவ்வொரு முறையும், இன்றைக்கு விரல் நீட்டியதைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துத்தான் வீட்டிலிருந்து புறப்பட்டேன். ஒவ்வொரு மண்டபத்திலும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.