நரம்பு பச்சையாக இருந்த இலை

பதினோரு வருடம் என் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்த அஞ்சம்மாளை நான் வெளியேற்றியது ஒரு பருத்தி இலையைக் காட்டித்தான்.

சீர்காழிக்குப் பக்கம் எங்கள் ஊர். அந்த வருடம் சம்பா அறுத்த வயலில் அவள் பருத்தி போட்டிருந்தாள். காய் பிடிக்கும் நேரத்தில் அடி இலைகள் சிவந்து உதிர்ந்தன. பொட்டாஷ் உரம் போடாததால்தான் இப்படி, நான் வாங்கிக் கொடுத்ததை அவள் விற்றுவிட்டாள் என்றேன். சட்டம் சாகுபடிதாரர் பக்கம் நின்ற காலம். வெளியேற்ற எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"மூட்டை பூராவும் போட்டேங்க. இலையப் பாருங்க, நரம்பு பச்சையாத்தான் இருக்கு. இடையிலதான் செவந்திருக்கு. வேற என்னமோ குறையுதுங்க" என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. பஞ்சாயத்தார் முன்னால், நிலத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதிய தாளில் அவளிடம் கைநாட்டு வாங்கினேன்.

மறு வருடம் நானே பருத்தி போட்டேன். பொட்டாஷைக் கூட்டினேன். இலை இன்னும் சீக்கிரம் சிவந்தது. விவசாய ஆபீசர் ஓர் இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"மெக்னீசியம் குறைச்சல். பொட்டாஷ் அதிகமானா செடியால அதை எடுக்க முடியாது. யாருங்க இவ்வளவு போடச் சொன்னது?"

அன்றே அஞ்சம்மாளைத் தேடிப் போனேன். வேறொருவர் வயலில் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மடி நிறையப் பஞ்சோடு வரப்புக்கு வந்து, "நம்ம பருத்தி எப்படிங்க இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அவள் நீட்டிய அன்றைக்கே அந்த இலையை வாங்கிப் பார்த்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பார்த்திருந்தாலும் வேறொரு காரணம் தேடியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.