முறிகண்டியில் நிற்காமல் போனவன்

நான் வெளிநாட்டுக்குப் புறப்பட்டு, போகாமலே திரும்பி வந்தது என்னுடைய குற்றம் என்று சொல்கிறவர்கள் பரந்தனில் நீண்ட காலம் இருந்தார்கள். அது பொய். விமானம் பறக்கவில்லை. அதனால் திரும்பி வந்தேன். அதற்கும் முறிகண்டிப் பிள்ளையாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. பரந்தன் சந்திக்குக் கிட்ட, உழவு இயந்திரம் திருத்தும் கராச் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். அரபு நாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற கதை வன்னிக்கும் வந்து சேர்ந்திருந்தது. டீசல் இயந்திரம் தெரிந்தவன் என்று எனக்கும் ஒரு வேலை சரிவந்தது. கடதாசியில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: இந்த மாதம் முடிவதற்குள் வந்து சேராவிட்டால் வேலை இல்லை. விசாவும் மாதக் கடைசியோடு முடியும். விமான ரிக்கற்றையும் அவர்களே அனுப்பினார்கள். எங்கள் நாட்டு விமானம். அரசாங்கத்தின் சொந்தக் கொம்பனி. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. மடையன்.

புறப்படுகிற அன்று காலையில் சொந்தக்காரர் எல்லாரும் வந்து, சாப்பிடு சாப்பிடு என்று நேரத்தைத் தின்றார்கள். மனைவியின் தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவனுடைய காரில் நானும் மனைவியும் ஏறும்போது ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகாது. பஸ் நிற்கும். லொறி நிற்கும். பொலிஸ் ஜீப்பும் நிற்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் அப்பால் போவார்கள். கோயில் கண்ணுக்குத் தெரிந்ததும் மச்சான் வேகத்தைக் குறைத்தான்.

"மறிக்கட்டோ அத்தான்?"

"பிளேன் உன்ர மாமாவின்ர பிளேனோ, நிண்டு பாத்துக்கொண்டிருக்க? விடு."

"இஞ்சருங்கோ, ரெண்டு நிமிசம்," என்றாள் மனைவி.

"நீ இறங்கினா ரெண்டு நிமிசத்தில ஏறுவியோ? கச்சான்காரியோட கதைக்கவே கால் மணித்தியாலம் வேணும்."

அவள் கோயில் மறையும் வரைக்கும் பின் கண்ணாடியால் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மச்சான் ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு மற்றக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானம் இல்லை. கொஞ்சம் பிந்தும் என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர். பின்னேரம் கேட்டோம், இரவு என்றார். இரவு கேட்டோம், நாளைக்கு என்றார். மறுநாள் கேட்டோம், கொஞ்சம் பிந்தும் என்றார். நின்ற சனம் எல்லாம் என்னைப் போன்றதுதான். வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் பைகளின் மேலேயே குந்தியிருந்தார்கள். ஒரு தேத்தண்ணி தரவும் அந்தக் கொம்பனியில் ஆள் இல்லை.

அங்கேதான் ஒரு நானாவைக் கண்டேன். முல்லைத்தீவு முஸ்லிம் மனிசர். கிளிநொச்சியில் தையல்கடை வைத்திருந்தவர். நான் போகும் ஊருக்கே தைக்கப் போகிறார். அவருடைய விசாவும் மாத முடிவோடு சரி. நான் பரந்தன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"தம்பி, முறிகண்டியில மறிச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப சரி."

"என்ன சரி?"

"இல்லத் தம்பி, பிழை எங்கயெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். நான் வந்த பஸ் மறிச்சது. தேங்காய் உடைக்கிறது எங்கட வழக்கமில்லை, ஆனா இறங்கிக் கச்சான் வாங்கினனான். அப்ப பிழை என்னில இல்லை."

மனைவி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

கோபம் வந்து, வழியனுப்புகிறவர்கள் நிற்கும் மேல்மாடிக்குப் போனேன். தூரத்தில் இரண்டு விமானங்கள் நின்றன. ஒன்றின் இயந்திரத்தைத் திறந்து போட்டிருந்தார்கள். ஒருவன் ஏணியில் இருந்து எதையோ கழற்றிக் கீழே கொடுத்தான். மற்றவன் அதைத் துணியில் பொதிந்து அடுத்த விமானத்துக்குக் கொண்டு போனான். எனக்கு உடனே விளங்கியது. உதிரிச் சாமான் வாங்க வழியில்லை. ஒன்றைக் கழற்றி ஒன்றுக்குப் பூட்டுகிறார்கள். எங்கள் கராச்சிலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஆனால் செய்வதற்கு முதல் இயந்திரக்காரரிடம் சொல்வோம்: ஐயா, உங்கட மிசின் நாலு நாளைக்கு ஓடாது, உழவுக்கு வேற பாருங்கோ. அவர் எங்களைத் திட்டுவார். பிறகு வேறு இயந்திரம் பிடித்து உழுவார். வயல் தப்பும். பழுதாவது குற்றமில்லை. ஓடாத இயந்திரத்தை ஓடும் ஓடும் என்று சொல்லி ஆளை வரம்பில் நிற்க வைப்பதுதான் குற்றம்.

மூன்றாம் நாள், வீட்டுக்குப் போங்கோ, தந்தி அடிப்போம் என்றார்கள். திரும்பி வந்தோம். மச்சான் என்னிடம் கேட்காமலே முறிகண்டியில் காரை நிறுத்தினான். மனைவி இறங்கித் தேங்காய் உடைத்தாள். நான் காருக்குள்ளேயே இருந்தேன்.

சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனால், "என்ன அண்ணை, அரபு நாடு கிட்டத்தான் போல," என்றான் ஒருவன். "பிள்ளையாரிட்ட விசா எடுக்க மறந்து போச்சாம்," என்றான் மற்றவன். இதைவிடப் பெரிய வெட்கக்கேடு சைக்கிள். போகும்போது பெரிய மனிசன் மாதிரி அதைச் சித்தப்பாவின் மகனுக்குக் கொடுத்திருந்தேன். திருப்பிக் கேட்டேன். அவன் அதற்குப் புது மணி பூட்டியிருந்தான். மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தந்தான்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது தந்தி வந்தது. மறுநாள் வரச் சொல்லி. இந்த முறை விடியும்போதே புறப்பட்டோம். முறிகண்டியில் மனைவி தேங்காயை என்னுடைய கையில் தந்தாள்.

"நீங்கள்தான் உடைக்கோணும்."

ஓங்கி எறிந்தேன். கோபத்தில் எறிந்ததால் சிதறிப்போய் ஒரு துண்டு கச்சான்காரியின் காலடியில் விழுந்தது.

"கோவத்தில உடைச்சாலும் அவர் ஏற்பார்," என்றாள் கச்சான்காரி.

"ஓம், இவரைப் பற்றி அவருக்குத் தெரியும்," என்றாள் மனைவி. மூன்று சரை கச்சான் வாங்கி என்னுடைய பைக்குள் திணித்தாள்.

கட்டுநாயக்காவில் அதே மேசை. அதே உத்தியோகத்தர். கொஞ்சம் பிந்தும் என்றார். நானா அங்கே முதலே வந்து நின்றார். என்னைக் கண்டதும், "மறிச்சதோ?" என்றார். ஓம் என்றேன். "பிறகு ஏன் பிந்துது?" என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். நான் யோசிக்கவில்லை. மேசைக்குப் போனேன்.

"ஐயா, நான் மெக்கானிக். ஒரு பிளேனைக் கழட்டி மற்றதுக்குப் பூட்டுறியள். நான் கண்டனான். எனக்கு விளங்குது, அதில கோவமில்லை. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இண்டைக்கு ஓடுமோ, ஓடாதோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண்ணும் நித்திரை கண்டு பல நாளான கண்தான்.

"ஓடாது," என்றார்.

"நாளைக்கு?"

"நாளைக்கும் ஓடாது."

நம்ப மாட்டீர்கள், எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்தக் கொம்பனியில் முதல் தரமாக ஒரு மனிசன் உண்மை சொன்னான். "அப்ப எங்களை வேற பிளேனில ஏத்துங்கோ. எனக்கும் இந்த நானாவுக்கும் நாளையிண்டைக்கு மாதக் கடைசியோட விசா முடியுது," என்றேன். இரண்டு பாஸ்போட்டையும் வாங்கித் திகதியைப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வந்து, வேறு நாட்டு விமானம் ஒன்றில் இரண்டு இடம் என்றார். இதை முதல் நாளே செய்திருக்கலாம். விசாத் திகதி நெருங்காத பெண்கள் பைகளின் மேலேயே இருந்தார்கள். அவர்கள் எப்போது போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

"பாத்தியளோ தம்பி, தேங்காய்," என்றார் நானா.

"தேங்காயில்லை நானா. வாய் திறந்து கேட்டது."

"அந்த வாயைத் திறந்து விட்டது ஆர்?"

மனைவி சிரித்துவிட்டாள். அழப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன். "போட்டு வாறன்," என்றேன். "போட்டு வாங்கோ. வரேக்க மறியுங்கோ," என்றாள்.

விமானம் மேலே போனதும் நானாவும் நானும் கச்சான் சரையைப் பிரித்தோம். கோது எல்லாம் மடியில். விமானப் பணிப்பெண் வந்து எங்கள் முன்னால் கையை நீட்டினாள். பாவம், பசியாக்கும் என்று ஒரு பிடி கச்சானை அவளுடைய கையில் வைத்தேன். அவள் கோதை எடுத்துப் போக வந்திருக்கிறாள். கையைப் பார்த்தாள், ஒன்றை உடைத்து வாயில் போட்டாள், தலையை ஆட்டிக்கொண்டு போனாள். முறிகண்டிக் கச்சான் அப்படி.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது வேலையில் போய் நின்றேன். ஆறு வருடம் அங்கே செய்தேன். இடையில் அந்தப் பழைய கொம்பனி மூடப்பட்டது, அரசாங்கம் புதிதாக ஒன்று தொடங்கியது. லீவில் வரும்போதும் போகும்போதும் முறிகண்டியில் இறங்கி என் கையாலேயே தேங்காய் உடைத்தேன். பக்தி என்று நினைக்க வேண்டாம். விமானம் பறக்காவிட்டால் பழி கொம்பனியின் தலையில் மட்டும் விழவேண்டும், அதற்காகத்தான்.

பிறகும் ஒருமுறை விமானம் பிந்தியது, அரை நாள். கட்டுநாயக்கா வாங்கில் குந்தியிருந்து மச்சானும் மனைவியும் நானும் சேர்ந்து கொம்பனியைத் திட்டினோம். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவிதான் எல்லாரையும்விடக் கூடத் திட்டினாள். அன்றைக்கு எனக்கு நல்ல சந்தோசம்.