சாத்துக்குடியும் கடைவாய்ப் பல்லும்

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவியை அனுப்பிவிட்டார்கள். ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது மரியாதைக்காகச் சொன்ன பன்மை. ஆள் என்னவோ நான் ஒருவன்தான். அவளுக்குப் புற்றுநோய் என்ற செய்தி மட்டும் அதற்குள் சேலையூர் முழுக்கப் பரவியிருந்தது.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. எல்லோர் கையிலும் சாத்துக்குடி. கீமோவில் வந்த வாய்ப்புண் அவளுக்கு ஆறவே இல்லை. புளிப்பு பட்டால் துடித்துப்போவாள். இதைச் சொன்னால், அப்படியானால் நீங்கள் ஜூஸ் போட்டுக் குடியுங்கள் சார், நீங்கள் தெம்பாக இருக்க வேண்டாமா என்பார்கள். ஒருவர் கொண்டுவந்த பையை அடுத்து வந்தவர் தலையில் கட்டி அனுப்ப ஆரம்பித்தேன். நீலக் கோடு போட்ட பை ஒன்று நாலு வீடு சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

வந்தவர்களுக்குக் காபி போடுவதும் நான்தான். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைத் தெய்வம் என்பார்கள். எந்த ஆம்பளை இப்படிப் பொண்டாட்டிக்குப் பீ மூத்திரம் அள்ளுவான் என்று கண் கலங்குவார்கள். எதிர் ஃபிளாட்டில் ஒரு அம்மா, பக்கவாதம் வந்த புருஷனுக்கு வருஷக்கணக்காக இதையேதான் செய்கிறார். அவரை யாரும் தெய்வம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தெய்வத்துக்கு ஒரு மணி நேரம் லீவு வேண்டுமா என்றும் யாரும் கேட்டதில்லை.

கிளம்பும்போது இன்னொரு கூத்து. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல மாட்டார்கள். இவர்கள் எங்கள் வீட்டிலேயே அதை ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு பூனை மாதிரி நழுவுவார்கள். ஒரு நாள் அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

“நான் இன்னும் உயிரோடதாங்க இருக்கேன். வரேன்னு சொல்லிட்டே போங்க.”

வந்தவர் அதை இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

இந்தக் களேபரத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் கேம்ப் ரோட்டில், நடந்தே போய்விடலாம். ஆனால் அவளை யார் புரட்டிப் படுக்கவைப்பது, யார் பெட்பேன் வைப்பது? ஹோம் நர்ஸ் ஏஜென்சி அனுப்பிய ஆள் இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுவிட்டார். அவளுக்கு வாங்கிவைத்த வலி மாத்திரையை நானே விழுங்கிவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். அவளுடைய தம்பி, சிறுசேரியில் மேனேஜர். வந்தால் ஹாலோடு சரி. அக்காவை இந்தக் கோலத்தில் பார்க்க முடியவில்லை என்பான், அப்புறம் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கைப் பற்றிப் பேசுவான். அன்றைக்கும் சாத்துக்குடியை டீப்பாயில் வைத்துவிட்டு, எல்லோரும் கேட்பதைக் கேட்டான்.

“ஏதாவது ஹெல்ப் வேணும்னா தயங்காம கேளுங்க மாமா.”

“வேணும்,” என்றேன். “உள்ளே போய் அக்கா பக்கத்துல உட்காரு. அடிக்கடி ஸ்பூன்ல தண்ணி கொடு. பெட்பேன் கட்டிலுக்கு அடியில இருக்கு.”

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினேன். பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பல்லைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார் டாக்டர். உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். நர்ஸ் தட்டி எழுப்பியபோது பதறிப்போனேன். வாயில் பஞ்சோடு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

கட்டிலில் பெட்ஷீட் கோணல்மாணலாக மாற்றியிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். மச்சானின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது. அவளைக் கீழே போட்டுவிட்டாயா என்று கத்த நினைத்தேன், பஞ்சு விடவில்லை. அடுத்த வாரம் சீக்கிரமே வந்துவிடுகிறேன் மாமா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் கிளம்பினான்.

என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டேன்.

“ஒண்ணும் ஆகலை. நான் அழுதேன், அவனும் கூட அழுதான்.”

இத்தனை மாதத்தில் என் முன்னால் அவள் ஒரு தடவைகூட அழுததில்லை. தைரியசாலி என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். என்னிடம் அழாததை அவனிடம் அழுதிருக்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது.

“உங்க முன்னாடி அழுதா மாத்திரையைத் தூக்கிட்டு ஓடி வருவீங்க,” என்றாள். “அப்புறம் தூங்காம என் மூஞ்சியையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பீங்க. அதுக்குப் பயந்தே அடக்கி வெச்சிருந்தேன்.”

வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள், பிறகு மெதுவாக உருவிக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் எங்கயாவது போயிட்டு வாங்க. நான் இன்னும் அழுது முடிக்கலை.”