தூங்க மறுத்த பெட்டி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுவேன். விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதை எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உள்ளங்கையளவு பச்சைத் தகடு ஒன்று இருக்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு சில்லு, சுற்றிலும் ஈயப் பொட்டுகள், ஒரு மூலையில் மங்கிய மஞ்சள் கறை. பழைய ரேடியோவில் கழற்றியதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் அக்காவைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

அக்காவின் கணவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். எண்பதுகளில் மலேசியாவில், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைக்கு அவர்தான் போர்மேன். நான் அவர்கள் வீட்டில் தங்கி, இலை வாட்டும் மாடியில் வேலை செய்தேன். அக்கா மருந்தடிக்கும் குழுவில் இருந்தாள். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய் வரும். பனிமூட்டம் கலையாமல் இலை நெடுநேரம் ஈரமாகவே கிடந்தால்தான் அது பரவும். ஆனால் மேல்மலையில் மூட்டம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் தேவையோ இல்லையோ, வாராவாரம் பெண்கள் மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். அக்காவின் தோள்களில் வார் அழுத்திய தழும்பு மாறவே இல்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான், மேல்மலையில் இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்று கணக்கெடுக்கும் பெட்டி ஒன்றை அத்தான் செய்ய ஆரம்பித்தார்.

ஈப்போ டவுனில் சில்லு வாங்கினார். அங்கே தொழிற்பள்ளியில் இருந்த நண்பர் அதற்குள் கட்டளைகளை ஏற்றிக் கொடுத்தார். மேல்மலைக்குக் கரண்டு கிடையாது, பேட்டரிதான். அதனால் சில்லு எந்நேரமும் விழித்திருக்கக் கூடாது. கூடவே இருக்கும் கடிகாரம் மணிக்கொரு தடவை அதை எழுப்பும். இலை ஈரமா, காய்ந்ததா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு அது திரும்பத் தூங்கிவிட வேண்டும். ஒழுங்காகத் தூங்கினால் ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும் என்றார் அத்தான்.

அந்த வருட ஆயுத பூசைக்கு அக்கா சந்தனக் கிண்ணத்தோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஸ்பேனர், மோட்டார், லோரி, ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியின் தராசு என்று எதையும் விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். பெட்டிக்குள் வைப்பதற்காக மேசைமேல் கிடந்த பச்சைத் தகட்டைப் பார்த்ததும் நின்றாள்.

"இதுக்கு?"

"அது இன்னும் முடியல. கை வைக்காத."

"முடியாததுக்குத்தாங்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மூலையில் வைத்துவிட்டாள். அத்தான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

தை பிறப்பதற்குள் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பெட்டி மேல்மலைக்குப் போனது. சில நாளிலேயே பேட்டரி செத்தது. அத்தான் பக்கத்து டவுன் பிரிஞ்சாங்குக்குப் போய் வேறு வாங்கி வந்தார், அதுவும் செத்தது. தகட்டைக் கீழே கொண்டுவந்து, இலை காயவைக்கும் அடுப்பின் சூடு படும் ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்தால் குழந்தை மாதிரித் தூங்கும். எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று காட்டும் மீட்டரின் ஊசி சுழியத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும். மேலே போனால் விழித்துக்கொள்ளும். சின்ன சிவப்பு விளக்கைக் கழற்றினார். சில்லில் எதனோடும் சேராமல் நின்ற கம்பிக் கால்களையெல்லாம் கட்டிவைத்தார். ஈப்போவுக்குப் போய்க் கட்டளைகளை மாற்றி வந்தார். ஸ்டோர் கிராணி தினமும் சீண்டுவார்: "என்னா போர்மேன், புள்ள இன்னும் தூங்கலையா? தாலாட்டு பாடிப் பாருங்க லா!" தோட்டத்து மேனேஜர் துரை மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு பேட்டரி செத்தால் பெட்டியை இறக்கிவிட்டு, வாராவாரம் மருந்தடிப்பதையே தொடரச் சொல்லிவிட்டார்.

கடைசிப் பேட்டரியோடு அத்தான் ஏறிய அன்று நானும் கூடப் போனேன். அரைமலை தாண்டியதும் மூட்டம் எங்களை மூடிக்கொண்டது. பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார். ஊசி எழுந்து நின்றது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தகடு முழுவதும் துடைத்தார். அந்த மூலை வந்ததும் அவர் கை சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

"அத்தான், அந்த மூலையும் ஈரமா இருக்கே. அதையும் தொடைங்களேன்."

"அது ஒங்கக்கா வச்சது, புள்ள."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே காய்ந்து கிடந்த சந்தனம் மேலே மூட்டத்தைக் குடித்துப் பசையாகியிருந்தது. அந்த மூலையில் சில்லை எழுப்பும் கம்பியையும் பேட்டரி வரும் கம்பியையும் அதுதான் சேர்த்து வைத்திருந்தது. கண்ணயரும்போதெல்லாம் யாரோ தட்டிக்கொண்டே இருந்தால் எப்படித் தூங்கும்?

"ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது பேட்டரி செத்தப்பவே சந்தேகம்தான்." பஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "வேற எதாச்சும் கோளாறா இருக்கட்டும்னு தேடிக்கிட்டே இருந்தேன். மத்ததுல வச்ச பொட்டெல்லாம் எண்ணெயில அழிஞ்சிருச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அக்கா இருந்தா திட்டும், அத்தான். டாங்கி தூக்க வேணாம்னு பெட்டி செஞ்சிட்டு, என் பொட்டுக்காக எல்லாரையும் தூக்க வைக்கிறீங்களான்னு கேக்கும்."

அவர் சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பொட்டை மெதுவாக, சுற்றிலும் ஆரம்பித்து நடுவுக்கு வந்து, துடைத்தெடுத்தார். அந்தப் பஞ்சைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஊசி இறங்கி, சுழியத்தை ஒட்டிப் படுத்தது.

"தூங்கிருச்சு" என்றார்.

பெட்டியை மூடிவிட்டு இருவரும் இறங்கினோம்.

பெட்டி சில வருடங்கள் உழைத்தது. மூட்டம் சீக்கிரம் கலைந்த வாரங்களில் பெண்கள் மேல்மலைக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. அத்தான் வேலையைவிட்டுக் கிளம்பும்போது தகட்டை என்னிடம் கொடுத்தார். இப்போது என் கைப்பேசி கீழே வைத்தால் தூங்குகிறது, தொட்டால் விழிக்கிறது, யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அதன் வெளிச்சம் அணையும்போது நான் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். ஸ்பிரிட்டுக்கும் போகாத அந்த மஞ்சள் கறை அங்கேதான் இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்று நாங்கள் மேல்மலையிலிருந்து இறங்கிய மறுநாள் மழை. பெட்டி இன்னும் கணக்குச் சொல்ல ஆரம்பிக்காததால், மருந்தடிக்கும் பெண்கள் எப்போதும்போல டாங்கியோடு ஏறினார்கள். ஆனால் அந்த மழைக்காலம் முடியும்வரை அத்தான் வேறு பேட்டரி வாங்கப் பிரிஞ்சாங்குக்குப் போகவில்லை.